"பிடிக்கலைன்னா எடுத்துரலாமா?" – புதியவருக்குக் கட்டற்ற மென்பொருளை எந்த வழியில் கொடுப்பது

காரைக்குடியில் பலகாரம் செய்து விற்கும் ஆச்சி ஒருவர் வீட்டுக்கு லிப்ரே ஆஃபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளைப் போட்டுக் கொடுக்கப் போயிருந்தேன். அவர் செய்யும் கைமுறுக்கும் சீப்புச் சீடையும் மாவுருண்டையும் சிங்கப்பூர், மலேசியா வரைக்கும் போகின்றன. ஆர்டர் கணக்கு மட்டும் இன்னும் நோட்டில்தான் இருந்தது. அதைக் கணினியில் ஏற்ற வேண்டும் என்று மகள் கேட்டிருந்தார். நான் பென் டிரைவைச் செருகியதும் ஆச்சி கேட்டார்: "தம்பி, பிடிக்கலைன்னா இத எடுத்துரலாமா? எடுத்தா பழையபடி ஆயிருமா?"

இது இலவசமா, யார் செய்தது என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. உள்ளே போனால் வெளியே வர வழி இருக்கிறதா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. எங்கள் ஊர்ப் பெரிய வீடுகளில் முகப்பில் நின்று பார்த்தால் வளவு, இரண்டாம் கட்டு எல்லாம் தாண்டிப் பின்வாசல் வரை நேராகத் தெரியும். புதிதாக வருகிறவருக்கு மென்பொருளும் அப்படித் தெரிய வேண்டும் என்று அன்றைக்கு எனக்குப் பட்டது.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. நாங்கள் நாலு பேர் சேர்ந்து சில ஞாயிற்றுக்கிழமைகளில் ஓரிடத்தில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்குக் கட்டற்ற மென்பொருளை, அதாவது யாரும் பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் உரிமை உள்ள மென்பொருளை, போட்டுக் காட்டலாம் என்று இருக்கிறோம். யார் யார் வருவார்கள் என்று ஓரளவு தெரியும். கல்லூரி மாணவர்கள், ஆத்தங்குடியில் பூக்கல் (பூப்போட்ட தரைக்கல்) போடும் குடும்பத்துப் பையன்கள், கணக்கெழுதும் பெரியவர்கள் ஒன்றிரண்டு பேர், கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடைக்காரர்கள். எதைக் கொடுப்பது என்பதில் எங்களுக்குள் சண்டை இல்லை. எப்படிக் கொடுப்பது என்பதில்தான் ஆளுக்கொரு கருத்து. ஒருவர் விண்டோஸுக்குப் பதிலான லினக்ஸ் இயங்குதளத்தையே பென் டிரைவிலிருந்து ஓட்டிக் காட்ட வேண்டும் என்கிறார். இன்னொருவர் பிரவுசரில் காட்டினால் போதும் என்கிறார். நான் எல்லா வழிகளையும் இரண்டு கேள்விகளை வைத்து அளந்து பார்த்தேன். முதலாவது ஆச்சி கேட்டது. இரண்டாவது, பத்து நிமிடத்துக்குள் தன்னுடைய சொந்த வேலை ஒன்று அதில் நடப்பதை வந்தவர் பார்ப்பாரா என்பது.

விண்டோஸிலேயே நிறுவிக் கொடுப்பது

கேட்க உப்புச்சப்பில்லாத வழி. ஆனால் வருகிறவர் ஏற்கெனவே பழகிய கணினியில், பழகிய இடத்தில், புதிதாக ஒரு சின்னப் படம் (ஐகான்) மட்டும் வந்து உட்காருகிறது. வேறு எதுவும் மாறுவதில்லை. வேண்டாம் என்றால் செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய் நீக்கிவிடலாம். ஆச்சியிடம் நான் அதைச் செய்தே காட்டினேன். போட்டேன், நீக்கினேன், மறுபடி போட்டேன். அதற்கப்புறம்தான் அவர் முகத்தில் இறுக்கம் போனது.

லிப்ரே ஆஃபிஸ் விண்டோஸ் கோப்பு ஏறத்தாழ 350 எம்பி. நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி ஃபோன் டேட்டாவில் ஹாட்ஸ்பாட் போட்டு இறக்குகிற வீட்டுக்கும் இது கட்டுப்படியாகும். நிறுவும்போது 'கஸ்டம்' என்பதைத் தேர்ந்து, இடைமுக மொழிகளில் தமிழையும் சேர்த்துவிட வேண்டும். அவசரத்தில் எல்லாரும் தாண்டிப் போகும் இடம் இது. இன்னொன்றையும் அப்போதே செய்துவிடுவேன்: கோப்புகளை எக்ஸெல் வடிவிலேயே சேமிக்கும்படி மாற்றிவைப்பது. மாதக் கடைசியில் ஆடிட்டர் அலுவலகத்தில் கோப்பு திறக்கவில்லை என்றால், மறுநாளே அந்த மென்பொருள் வீட்டைவிட்டுப் போய்விடும்.

ஆத்தங்குடிப் பையன் ஒருவனுக்குப் போட்டுக் காட்டியதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பூக்கல் எப்படிச் செய்வார்கள் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, ஒவ்வொரு அறையிலும் சாயக் கலவையை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே மணலும் சிமெண்ட்டும் போட்டு அழுத்தி, காயவைத்துத் தண்ணீரில் ஊறவிடுவார்கள். கண்ணாடிதான் கல்லுக்கு அந்தப் பளபளப்பைத் தருகிறது. ஒரு கல்லில் இருப்பது பல நேரம் பூவின் கால் பங்குதான். நாலு கல்லைத் திருப்பித் திருப்பி வைத்தால்தான் முழுப்பூ தெரியும். இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளில் ஒரு வடிவத்தைக் கல் பதிப்பது போலத் திருப்பியும் கவிழ்த்தும் அடுக்கிக்காட்டும் வசதி இருக்கிறது. குளோன் மெனுவில் 'டைல்டு குளோன்ஸ்' என்று இருக்கும். தளத்தை நிரப்பும் 17 வகைச் சமச்சீரையும் அது வைத்திருக்கிறது. அவன் ஒரு மூலைக்கொடியை வரைந்தான், நான் பி4 என்பதைத் தேர்ந்தேன். திரை முழுக்கத் தரை விரிந்தது. "அண்ணே, அச்சு வெட்டக் கொடுக்குறதுக்கு முன்னாடியே இது தெரிஞ்சுரும்ல?" என்றான். நிறுவ நாலு நிமிடம், வரைய ஐந்து நிமிடம். இந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் நான் இந்த வழியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

இதில் சிக்கல் நிறுவுவதில் இல்லை, சரியான கோப்பைப் போய்ச் சேர்வதில் இருக்கிறது. பெயரைத் தேடினால் முதலில் விளம்பரம் வரும். பெரிய பச்சைப் பொத்தான்களில் எது உண்மையானது என்று புதியவருக்கு எப்படித் தெரியும்? கட்டற்ற மென்பொருள் பலவற்றுக்கும் வீடாக இருந்த சோர்ஸ்ஃபோர்ஜ் தளத்திலேயே, 2015-இல் படம் திருத்தும் கிம்ப் மென்பொருளின் விண்டோஸ் கோப்போடு விளம்பர மென்பொருளையும் சேர்த்துக் கொடுத்தார்கள். கிம்ப் குழு வெளிப்படையாக எதிர்த்த பிறகுதான் அது நின்றது. மறு ஆண்டு அந்தத் தளம் கைமாறியதும் புதிய உரிமையாளர்கள் அந்த ஏற்பாட்டையே நிறுத்தினார்கள். 2022-இல் நம் நாட்டிலேயே, வீடியோ பார்க்க உதவும் விஎல்சியின் சொந்தத் தளமான வீடியோலேன் தடுக்கப்பட்டிருந்தது. சட்ட அறிவிக்கை அனுப்பிய பிறகு அந்த ஆண்டு நவம்பரில் தடை நீங்கியது. இடைப்பட்ட மாதங்களில் விஎல்சி தேடிய ஒருவர் அசல் தளம் திறக்காமல் வேறெங்கோ போயிருப்பார். அவரைக் குறை சொல்ல முடியுமா?

தளம் சரியாக இருந்தாலும் கோப்புப் பட்டியல் பயமுறுத்தும். நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் வெளியிடும் சின்னத் திட்டங்களைப் பாருங்கள். ஒரே பதிப்புக்குப் பன்னிரண்டு கோப்பு இருக்கும். ஒன்றில் 'ஏஎம்டி64' என்று போட்டிருக்கும். இன்டெல் கணினி வைத்திருப்பவர் அது தனக்கில்லை என்று நினைத்துவிடுவார். உண்மையில் இன்றைய இன்டெல் கணினிக்கும் அதுதான். கடைசியில் 'சோர்ஸ் கோடு' என்ற ஜிப் இருக்கும். பெயர் புரிகிற ஒரே கோப்பு என்பதால் மாணவர்கள் அதை இறக்கிவிடுகிறார்கள். திறந்து பார்த்தால் நூற்றுக்கணக்கில் நிரல் கோப்புகள். "ஓடவே மாட்டேங்குது" என்று விட்டுவிடுகிறார்கள். தமிழில் மென்பொருள் செய்து வெளியிடும் நண்பர்களை இந்த இடத்தில் கெஞ்சிக் கேட்கிறேன்: முதல் பக்கத்தில் ஒரு திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்), 'விண்டோஸுக்கு இதை இறக்குங்கள்' என்று தமிழில் ஒரே ஒரு பொத்தான், அதன் கீழே எத்தனை எம்பி என்று ஒரு வரி. மற்ற பதினோரு கோப்பும் இன்னொரு பக்கத்தில் இருக்கட்டும்.

விண்டோஸ் காட்டும் நீலப் பெட்டி எச்சரிக்கையும் உண்டு. அதிகம் பேர் இறக்காத, கையொப்பமிடாத கோப்பென்றால் 'உங்கள் கணினியைப் பாதுகாத்தோம்' என்று நிறுத்திவிடும். 'மோர் இன்ஃபோ' அழுத்தினால்தான் ஓட்டும் பொத்தான் தெரியும். நமக்குப் பழகிவிட்டது, சட்டென்று அழுத்திவிடுவோம். ஆனால் முதல் நாளே ஒருவருக்கு எச்சரிக்கையைத் தாண்டிப் போகக் கற்றுக்கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை. அந்தப் பழக்கத்தோடு அவர் நாளைக்கு வேறு எதையும் ஓட்டுவார். அதனால் இந்த எச்சரிக்கை வரும் மென்பொருள் எதையும் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கொடுப்பதில்லை என்று வைத்திருக்கிறேன்.

மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் வழியாகப் போனால் போலிக் கோப்புத் தொல்லை குறையும். கிம்ப், இங்க்ஸ்கேப் இரண்டும் அங்கே இலவசமாகவே இருக்கின்றன. ஆனால் ஓவியம் வரையும் கிரிட்டாவுக்கு அங்கே விலை போட்டிருக்கும், அதன் சொந்தத் தளத்தில் இலவசம். அந்தப் பணம் கிரிட்டாவைச் செய்கிறவர்களுக்குப் போகிறது, நியாயம்தான். ஆனால் "இலவசம்னு சொன்னீங்களே" என்று கேட்பவருக்கு நின்று விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும்.

நிறுவாமலே ஓடுவது

போர்ட்டபிள் என்று சொல்லும் வகை. பென் டிரைவில் ஒரு ஃபோல்டர், அதற்குள் மென்பொருள் முழுசும். லிப்ரே ஆஃபிஸ், கிம்ப், இங்க்ஸ்கேப், விஎல்சி எல்லாவற்றுக்கும் போர்ட்டபிள்ஆப்ஸ் தளத்தில் இந்த வடிவம் கிடைக்கிறது. ஆச்சியின் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. ஃபோல்டரை அழித்தால் போயே போய்விட்டது. கல்லூரி ஆய்வகம், அலுவலகம், பிரவுசிங் சென்டர் போல அட்மின் கடவுச்சொல் கையில் இல்லாத இடத்தில் பெரும்பாலும் இது ஒன்றுதான் வழி.

இதையே எல்லாருக்கும் கொடுத்தால் என்ன என்று நானும் நினைத்தேன். கொடுத்தும் பார்த்தேன். முதல் நாள் நன்றாகத்தான் போகும். மறுநாள் காலையில் அவர் நேற்றுச் செய்த கணக்கை டபுள் கிளிக் செய்வார். எதில் திறக்க என்று விண்டோஸ் கேட்கும். எந்த மென்பொருளுக்கு எந்தக் கோப்பு என்ற தொடர்பை இந்த வகை கணினியில் எழுதிவைப்பதில்லை. புதியவருக்கு அந்தக் கேள்வி வந்தால் கணக்கே தொலைந்துவிட்டது என்றுதான் தோன்றும். விலை குறைந்த பென் டிரைவென்றால் லிப்ரே ஆஃபிஸ் திறக்கவே நேரமாகும். சேமித்துக்கொண்டிருக்கும்போது பிடுங்கிவிட்டால் கோப்பும் கெடும். ஃபோல்டரை டி டிரைவுக்கு நகர்த்திக் கொடுத்தால் கடைசி இரண்டு தொல்லையும் போய்விடும், முதலாவது போகாது. மாணவர்களுக்கு ஒத்துவரும். ஆச்சிக்கு ஒத்துவராது.

பென் டிரைவிலிருந்து லினக்ஸ்

என் மனசுக்குப் பிடித்த வழி இது. 2000-த்தில் வெளியான நாப்பிக்ஸ் என்ற லினக்ஸ் இதைப் பிரபலமாக்கியது. கணினியில் எதையும் தொடாமல், சிடியிலிருந்தே முழு இயங்குதளம் ஓடும். உபுண்டு என்ற லினக்ஸின் சிடிகளை 2011 வரை உலகம் முழுக்கத் தபாலில் இலவசமாக அனுப்பினார்கள். அட்டை உறையில் ஒன்று எங்கள் வீட்டுக்கும் வந்தது. தபால்காரர் கையிலிருந்து வாங்கியது இன்னும் நினைவிருக்கிறது. மென்பொருள் இறங்க இரண்டு நாள் ஆகும் ஊரில், வாசலுக்கே வந்த ஒரு வட்டு எத்தனை பெரிய விஷயம் என்று அந்தக் காலத்தவர்களுக்குத் தெரியும்.

தமிழ்நாடு அரசு 2011-இல் தொடங்கிய மாணவர் மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. மத்திய அரசின் சிடாக் நிறுவனம் உருவாக்கிய இயங்குதளம் அது. தமிழ் இடைமுகமும் உண்டு. இறக்கவும் வேண்டாம், நிறுவவும் வேண்டாம், கணினியைத் திறந்ததும் இரண்டில் எது என்று கேட்கும். இதைவிட எளிதான வழி இருக்க முடியாது. ஆனாலும் நான் பார்த்த மாணவர்களில் அதைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு. அதில் என்ன செய்யலாம் என்று பக்கத்தில் உட்கார்ந்து காட்ட ஆள் இல்லை. ஆகவே கையில் இருப்பது ஒன்று, பழகுவது இன்னொன்று. இதை லினக்ஸ் காட்டச் சொல்லும் நண்பரிடம் நான் அடிக்கடி சொல்கிறேன்.

இன்றைக்கு இந்த வழி யாருக்கு? 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத கணினி முறைப்படி விண்டோஸ் 11-க்கு மாற முடியாது. நன்றாக ஓடும் கணினியை வைத்துக்கொண்டு, புதிது வாங்கச் சொல்கிறார்களே என்று நிற்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு லினக்ஸைக் காட்ட வேண்டும். அவர்களுக்குத் தேவை இருக்கிறது, அதனால் பத்து நிமிடம் பொறுமையும் இருக்கும்.

எனக்கு நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். சொந்தக்காரப் பெண் ஒருத்தியின் புது மடிக்கணினியில் லினக்ஸ் காட்டுகிறேன் என்று பயாஸ் என்ற தொடக்க அமைப்புக்குள் போய், கையொப்பமில்லாத இயங்குதளம் ஓடாமல் தடுக்கும் செக்யூர் பூட்டை அணைத்தேன். லினக்ஸ் அழகாக ஓடியது. பென் டிரைவை எடுத்துவிட்டு விண்டோஸைத் திறந்தால், டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் 48 இலக்கச் சாவியைக் கேட்டது. அந்தச் சாவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கணினி விற்ற கடையில் யாரோ ஏதோ ஒரு மின்னஞ்சலில் கணக்குத் திறந்து கொடுத்திருக்கிறார்கள். அணைத்ததைத் திரும்பப் போட்டிருந்தால் பெரும்பாலும் சரியாகியிருக்கும். அன்றைக்கு எனக்கு அது தெரியவில்லை, பதற்றத்தில் வேறு எதையெதையோ மாற்றிவிட்டேன். அவளுடைய கல்லூரிப் புராஜெக்ட் போனது. ஒரு ஆர்வத்தில் செய்தது என்று இதை என்னால் ஒதுக்க முடியவில்லை. பிடிக்கலைன்னா எடுத்துரலாமா என்ற கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை.

அதனால் இப்போது சில விதிகள் வைத்திருக்கிறேன். செக்யூர் பூட்டைத் தொடுவதே இல்லை. உபுண்டு, மின்ட், ஃபெடோரா என்ற லினக்ஸ் வகைகள் மூன்றும் அதை அணைக்காமலே ஓடும். பல ஐஎஸ்ஓ கோப்புகளை (ஒவ்வொன்றிலும் ஓர் இயங்குதளம் முழுசும் இருக்கும்) ஒரே பென் டிரைவில் வைக்க உதவும் வென்டாய் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் செக்யூர் பூட் உள்ள கணினியில் அது முதல்முறை ஒரு சாவியைச் சேர்க்கச் சொல்லும். பிறர் கணினியில் அந்த வேலை வேண்டாம். ரூஃபஸ் என்ற கருவியை வைத்து ஒரு பென் டிரைவுக்கு ஒரே லினக்ஸ் என்று எழுதிவைப்பேன். மின்ட் என்றால் ஏறத்தாழ 3 ஜிபி, உபுண்டு 6 ஜிபிக்குப் பக்கம். இதை வருகிறவரே இறக்கிக்கொள்ளட்டும் என்று சொல்வது, ஒரு நாள் டேட்டா போதாதவரைத் திருப்பி அனுப்புவதற்குச் சமம். மின்ட் நேராகத் திரைக்கு வந்துவிடும், 'நிறுவு' என்று ஒரு படம் மட்டும் அங்கே இருக்கும். அதைத் தொட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். முழு டிஸ்க்கையும் அழித்து நிறுவும் தேர்வும் அந்தப் படத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது. வருகிறவர்களிடம் இதைச் சொல்லத் தயங்கக் கூடாது: ஓட்டிப் பார்ப்பதும் நிறுவுவதும் வேறு வேறு நாளில் நடக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் பழைய கோப்புகளுக்கு நகல் எடுத்தாக வேண்டும்.

2016 பிப்ரவரியில் மின்ட் தளத்தையே உடைத்து, இறக்கும் இணைப்பைத் திருத்தி, கள்ளக்கதவு வைத்த ஐஎஸ்ஓவுக்குத் திருப்பிவிட்டார்கள். ஒரே நாளில் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார்கள். கோப்பு மாறினால் தானும் மாறிவிடும் செக்சம் எண்ணைச் சரிபார்த்தால் இது தெரிந்துவிடும். புதியவரை அதைச் செய்யச் சொல்ல முடியாது. நாங்களே இறக்கி, நாங்களே சரிபார்த்துக் கொடுப்பதற்கு இது வலுவான காரணம்.

பிரவுசர், மெய்நிகர் கணினி, ஃபோன்

பிரவுசரில் லினக்ஸை ஓட்டிக் காட்டும் டிஸ்ட்ரோசீ போன்ற தளங்கள் இருக்கின்றன. எக்ஸ்காலிட்ரா, டிராஐஓ போன்ற வரையும் கருவிகளை எதையும் இறக்காமலே பயன்படுத்தலாம். ருசி பார்க்க நல்லது. ஆனால் நம் கோப்பு அங்கே இல்லை, இணையம் நின்றால் எல்லாம் நின்றுவிடும், மறுநாள் வீட்டில் அது இருக்காது. வாசலில் வைத்துக் காட்டுவதற்கு இதை வைத்துக்கொள்ளலாம்.

விண்டோஸுக்குள்ளேயே இன்னொரு இயங்குதளத்தை ஓட்டும் மெய்நிகர் கணினி, அதாவது வர்ச்சுவல்பாக்ஸ் வழி, கணினி படிக்கும் மாணவர்களுக்கு மட்டும். 4 ஜிபி ராம் உள்ள கணினியில் இரண்டு இயங்குதளமும் திணறுவதைப் பார்த்தவர் லினக்ஸே மெதுவானது என்று முடிவுகட்டிவிடுவார்.

ஃபோனில் கட்டற்ற செயலிகளுக்கு எஃப்-டிராய்டு அருமையான இடம். ஆனால் அதை நிறுவுவதற்கே 'தெரியாத செயலிகள்' அனுமதியைத் திறக்க வேண்டும். நீலப் பெட்டிக்குச் சொன்னது இதற்கும் பொருந்தும். விஎல்சி போன்றவை பிளே ஸ்டோரிலேயே இருக்கின்றன, அங்கிருந்து தொடங்கலாம்.

யாருக்கு எது

நண்பர்களிடம் நான் வைத்த முடிவு இது. வருகிறவருக்கு முதலில் அவர் விண்டோஸிலேயே ஒரே ஒரு மென்பொருள், அவர் தொழிலுக்கு ஏற்றது. பூக்கல் பையனுக்கு இங்க்ஸ்கேப். கணக்கெழுதும் பெரியவருக்கு க்னூகேஷ் என்ற கணக்கு மென்பொருள். பேரேடும் ஐந்தொகையும் கையால் எழுதியவர்களுக்கு, ஒவ்வொரு தொகையும் இரண்டு இடத்தில் விழும் அதன் இரட்டைப் பதிவு முறை நம்மைவிட வேகமாகப் புரிகிறது. அட்மின் அனுமதி இல்லாத மாணவருக்கு போர்ட்டபிள். விண்டோஸ் 10-இல் மாட்டிக்கொண்டவருக்கு மட்டும் மின்ட் பென் டிரைவ், அதுவும் எங்களில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது.

அச்சகக்காரர்களிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். அவர்களுடைய பழைய பத்திரிகைகள் கோரல்டிராவிலும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களிலும் இருக்கின்றன. இங்க்ஸ்கேப் கோரல் கோப்பைத் திறக்கும், ஆனால் எல்லாம் வைத்த இடத்தில் வரும் என்று உறுதி சொல்ல முடியாது. நாலு வண்ண அச்சுக்கு ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள் இருக்கிறது. அதை ஒருநாளில் பழக முடியாது. முகூர்த்த மாதத்தில் அவர்களை இதில் இறக்கிவிடுவது பாவம். ஆடியில் கடை ஓய்ந்திருக்கும்போது தனியாக உட்கார்ந்து பார்க்கலாம் என்று சொல்லப் போகிறேன்.

லினக்ஸ் நண்பருக்கு இதில் வருத்தம்தான். விண்டோஸில் போட்டுக் கொடுத்தால் அவர்கள் விண்டோஸிலேயே இருந்துவிடுவார்களே என்கிறார். சிலர் இருந்துவிடுவார்கள். ஆனால் லிப்ரே ஆஃபிஸும் இங்க்ஸ்கேப்பும் க்னூகேஷும் லினக்ஸிலும் அதே முகத்தோடு இருக்கின்றன. அடுத்த கணினி மாற்றும்போது அவர்களுக்குப் புதிதாகப் பழக வேண்டியது குறைவு. இதை அவர் பாதி ஒப்புக்கொண்டார்.

கோப்புகளை எல்லாம் நானே அந்தந்தச் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி, செக்சம் பார்த்து, 32 ஜிபி பென் டிரைவ் மூன்றில் ஏற்றியாகிவிட்டது. கணினிக்குக் கணினி மாறிப்போகும் பென் டிரைவ் வைரஸையும் சுமக்கும் என்பதால், ஒவ்வொரு கணினிக்குப் பிறகும் என் லினக்ஸ் மடிக்கணினியில் அதை அழித்து மறுபடி எழுதப் போகிறேன். கூடவே அரைத்தாள் ஒன்று தமிழில் அச்சடித்திருக்கிறோம். என்ன போட்டோம், எந்தப் பதிப்பு, எந்தத் தளத்திலிருந்து, எந்தத் தேதியில். அதன் கீழே, எப்படி நீக்குவது என்று மூன்று வரி. அதற்கும் கீழே எங்கள் ஃபோன் எண் எழுத ஒரு கோடு. முதல் தாளை ஆச்சிக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். நீக்குவது எப்படி என்ற மூன்று வரியை மகளை விட்டு இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.